மங்குக்கு மெடிக்கலில் வாங்கும் அந்த டியூப்

பிள்ளை பெற்ற பிறகு கன்னத்தில் கறுப்புத் திட்டாக மங்கு விழுந்தால் பெண்களுக்கு முதலில் யோசனை சொல்வது தோல் மருத்துவர் இல்லை. பக்கத்து வீட்டு அக்கா, பார்லர்காரம்மா, அப்புறம் மெடிக்கல்காரர். மூவர் கையிலும் பெரும்பாலும் ஒரே மாதிரி டியூப்தான்.

அதில் ஹைட்ரோகுயினோன், ட்ரெட்டினாயின், மொமெட்டசோன் என்று மூன்று மருந்துகள் கலந்திருக்கும். முதலாவது தோலின் கருமையைக் குறைப்பது, இரண்டாவது மேல்தோலை உரித்துப் புதுப்பிப்பது. கடைசியில் சொன்னது ஸ்டீராய்டு, சிவப்பையும் எரிச்சலையும் சட்டென்று அடக்குகிற மருந்து. மருத்துவர் முகத்தைப் பார்த்து, சில வாரத்துக்கு மட்டும் என்று எழுதித் தந்தால் அது நல்ல மருந்துதான். இங்கே அதைப் பவுடர் மாதிரி வருடக்கணக்கில் பூசுகிறார்கள். பூசிய கொஞ்ச நாளிலேயே முகம் தெளிந்துவிடுகிறதே, அதுதான் வினை. யாருக்கு நிறுத்த மனசு வரும்?

எங்கள் தெருவில் ஒரு அக்கா இருக்கிறார். ஒரு நாள் பூசாவிட்டால் முகம் சிவந்து எரியும், பூசினால் அடங்கும். அடுப்படியில் நின்று நாலு தோசை வார்ப்பதற்குள் ஈரத்துணியை எடுத்துக் கன்னத்தில் ஒற்றிக்கொள்வார். மூக்கோரம் சிவப்பு நரம்பு நூல் நூலாகத் தெரிகிறது, தாடையில் முடி அடர்ந்துவிட்டது. மங்கோ முன்பைவிடக் கறுப்பாகத் திரும்பி வந்திருக்கிறது. ஹைட்ரோகுயினோனையும் நீண்ட நாள் பூசினால் சிலருக்குத் தோல் நீலம் பாய்ந்த கறுப்பாகிவிடும். அது லேசில் போகாது.

பூசும் ஸ்டீராய்டுகளை மருத்துவர் சீட்டில்லாமல் விற்கக் கூடாது என்ற விதியை 2018இலேயே இறுக்கினார்கள். இன்றைக்கும் பெயரைச் சொன்னால் எடுத்து நீட்டுகிற கடைகள் இருக்கின்றன. என் கோபமெல்லாம் அந்தக் கடைக்காரர்கள் மேல்தான். "அழகு ஆசையில் கெடுத்துக்கொண்டாள்" என்று பெண்களைக் குறை சொல்வது அநியாயம். பார்க்கிறவர்கள் எல்லாம் "என்னம்மா முகம் இப்படி ஆயிடுச்சு" என்று கேட்டால் அவள் வேறென்ன செய்வாள்?

லேபிளே இல்லாத கிரீம்கள் இன்னும் மோசம், பலவற்றில் பாதரசம் இருக்கிறது. அது தோல் வழியே உள்ளே போய்ச் சிறுநீரகத்தைக் கெடுக்கும். கேரளத்தின் கோட்டக்கலில் 2021 முதல் 2023 வரை ஒருவகைச் சிறுநீரக நோயோடு வந்த 22 பேரை ஆராய்ந்ததில் 13 பேர் சிவப்பழகு கிரீம் பூசியவர்கள். கிரீமை விட்டதும் பெரும்பாலானோர் தேறினார்கள்.

மங்குக்கு முதல் வைத்தியம் வெயிலிலிருந்து காப்பதுதான். சன்ஸ்கிரீன், குடை, துப்பட்டா எதுவானாலும் சரி. மாதக்கணக்கில் ஸ்டீராய்டு டியூப் பூசி வருகிறவர்கள் இதைப் படித்துவிட்டு இன்றே தூக்கிப் போட்டுவிடாதீர்கள், எரிச்சல் தாங்காது. டியூபை அட்டைப்பெட்டியோடு எடுத்துக்கொண்டு தோல் மருத்துவரிடம் போங்கள். அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் தோல் பிரிவு உண்டு. எப்படிக் குறைத்து நிறுத்துவது என்று அவர்கள் சொல்வார்கள்.