பேத்தி பெருத்த கதை

(ஆயுத பூசை முடிந்த மூன்றாம் நாள். கூடத்துக் கணினியில் பேத்தியின் படம், கன்னங்கள் இருபுறமும் வழிந்தபடி. மேசை முன்னால் மாப்பிள்ளை. பின்னால் காப்பியோடு மாமனார்.)

மாமனார்: மாப்பிள்ளை, தப்பாக நினைக்கக் கூடாது. நேற்றே சரிசெய்துவிட்டதாகச் சொன்னீர்கள். குழந்தை இன்னும் பூசணிக்காயாகத்தான் இருக்கிறாள்.

மாப்பிள்ளை: இரவு பதினொன்றரைக்குச் சரியாகிவிட்டது மாமா. நீங்கள் தூங்கிவிட்டீர்கள்.

மாமனார்: சாட்சி?

மாப்பிள்ளை: அத்தையும் தூங்கிவிட்டார்கள். திரையளவை மாற்ற எக்ஸ்ரேண்டர் என்று ஒரு கட்டளை. அதில் 1920க்கு 1080 என்று புது அளவைச் சேர்த்தேன். அணைத்ததும் கணினி மறந்துவிட்டது.

மாமனார்: எக்ஸ்ரே எடுத்துமா நோய் பிடிபடவில்லை?

மாப்பிள்ளை: எக்ஸ்ரேண்டர், மாமா. அதன் ஆயுள் அவ்வளவுதான். இந்தக் கணினியை இயக்கும் லினக்ஸில் உள்நுழையும்போதெல்லாம் தானாக ஓடும்படி ஒரு கோப்பில் எழுதிவைக்க வேண்டும்.

மாமனார்: தினம் ஒரு மாத்திரை. சரி, நோய் என்ன?

மாப்பிள்ளை: மானிட்டர் தன் அளவுகளை 128 பைட்டில் சீட்டாக எழுதி வைத்திருக்கும். கணினி அதைக் கேட்டு வாங்கிப் படிக்கும். சீட்டு வராவிட்டால், எதற்கு வம்பு என்று 1024க்கு 768 வைத்துக்கொள்ளும். அந்தக் குறுகலான படத்தை இந்த அகலத் திரை இழுத்து நிரப்பும். மூன்று முழத் துணியை நான்கு முழத்துக்கு இழுத்துக் கட்டினால் எப்படி இருக்கும்? அதுதான் அந்தக் கன்னம்.

மாமனார்: பூசைக்கு முன்னால் சீட்டு ஒழுங்காக வந்துகொண்டுதானே இருந்தது?

மாப்பிள்ளை: (தட்டுவதை நிறுத்தி) பூசைக்கு என்ன செய்தீர்கள்?

மாமனார்: வழக்கமாகச் செய்வதுதான். எல்லாவற்றையும் கழற்றித் துடைத்து, சந்தனம் குங்குமம் வைத்தோம். முன்பக்கம் நான், பின்பக்கம் உங்கள் அத்தை. வேலையெல்லாம் பின்னால்தானே நடக்கிறது, பொட்டு அங்கேதான் வேண்டும் என்றாள்.

(மாப்பிள்ளை கணினியை அணைத்து, மானிட்டருக்குப் படம் கொண்டுபோகும், நீலத் தலை வைத்த விஜிஏ கேபிளின் திருகுகளைக் கழற்றி, அது செருகியிருந்த துளைகளில் டார்ச் அடிக்கிறார்.)

மாப்பிள்ளை: மூன்று வரிசை, 15 துளை. நிறமெல்லாம் முதல் வரிசையில். சீட்டுப் போக்குவரத்து கடைசி வரிசையில், 12ஆம் துளையும் 15ஆம் துளையும். இதோ 15. காய்ந்து கல்லாகிவிட்டது.

மாமனார்: அசல் மைசூர்ச் சந்தனம்.

மாப்பிள்ளை: படம் தடையில்லாமல் வந்ததால் கேபிள் பக்கமே திரும்பிப் பார்க்கவில்லை மாமா. இரண்டு நாள்!

(பல்குத்தும் குச்சியால் சுரண்டுகிறார். மஞ்சள் தூள் மேசையில் உதிர்கிறது. கூடம் கோயில்போல் மணக்கிறது. மறுபடி இயக்குகிறார். ஒரு கட்டளையும் தட்டாமல் 1920க்கு 1080.)

மாமனார்: (கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு) அடடா, குழந்தை இப்படி இளைத்துவிட்டாளே!

மாப்பிள்ளை: அவள் முகமே இதுதான் மாமா.

மாமனார்: அது எனக்குத் தெரிகிறது. உங்கள் அத்தை பார்ப்பதற்குள் பழையபடி பூசணியாக்கிவிடுங்கள். இல்லாவிட்டால் ஊருக்குப் போகும்போது நீங்கள்தான் இரண்டு கிலோ நெய்யைச் சுமக்க வேண்டியிருக்கும்.