கால் வேகுது என்கிறேன், சத்தம் வேணுமா என்கிறார்கள்

போன ஞாயிற்றுக்கிழமை நானும் மனைவியும் பைக்கில் கொல்லிமலையிலிருந்து திரும்பி வந்தோம். 70 கொண்டை ஊசி வளைவும் இறங்கி, ஆத்தூர், கள்ளக்குறிச்சி, உளுந்தூர்பேட்டை, விழுப்புரம் என்று கத்திரி வெயிலிலேயே ஓட்டிக்கொண்டு வந்தோம், அதுவரைக்கும் வண்டியைப் பற்றி ஒரு குறை சொல்ல முடியாது. எண்பது தொண்ணூறில் போகும்போது காற்று சூட்டையெல்லாம் பின்னால் அடித்துக்கொண்டு போய்விடும். பரனூர் தாண்டியதும் ஆரம்பித்தது வேதனை. ஊருக்குப் போன சென்னை மொத்தமும் திரும்பி வரும் நேரம், சிங்கப்பெருமாள் கோயிலிலிருந்து பெருங்களத்தூர் வரைக்கும் முதல் கியரும் ஹாஃப் கிளட்ச்சும்தான். கூடுவாஞ்சேரி வருவதற்குள் என்ஜினைக் குளிர வைக்கிற கூலண்ட்டின் சூடு 104 டிகிரி காட்டியது, ரேடியேட்டர் ஃபேன் ஓட ஆரம்பித்தது, அந்த ஃபேன் தள்ளுகிற அனல் காற்று முழுவதும் நேராக என் இரண்டு முழங்காலிலும் வந்து மோதியது. கீழே வலது காலுக்குப் பக்கத்தில் சைலன்ஸர். பின்னால் உட்கார்ந்திருந்தவள், "ஏங்க, கால் வைக்கிற இடமே கொதிக்குதுங்க, கொஞ்சம் ஓரமா நிறுத்துங்க" என்றாள். எங்கே நிறுத்துவது, இடது பக்கம் பஸ், வலது பக்கம் லாரி.

வீட்டுக்கு வந்து பூட்ஸைக் கழற்றினால் வலது கெண்டைக்காலின் உள்பக்கம் உள்ளங்கை அகலத்துக்குச் சிவந்து கிடக்கிறது. மறுநாள் காலையில் கொப்புளம். பைப்பில் நான் கால் வைக்கவே இல்லை, தடித்த ரைடிங் பேண்ட், முக்கால் அடி உயர பூட்ஸ், இத்தனையையும் தாண்டி வெறும் அனல் மட்டுமே செய்த வேலை இது. அவளுடைய வலது செருப்பின் அடிப்பாகத்தில் சைலன்ஸர் பக்கம் இருந்த ஓரம் இளகி, கோடு கோடாக இழுபட்டிருந்தது.

இது எனக்கு இந்த வண்டியோடு மூன்றாவது கோடை. கம்பெனி பெயரைச் சொல்லப்போவதில்லை. தூரப் பயணத்துக்கென்றே விற்கிற வண்டி. விளம்பரத்தில் மலை, பனி, மேகம் எல்லாம் வரும், ஒரு சிக்னல்கூட வராது. டெஸ்ட் டிரைவ் கொடுத்தது காலை ஏழரை மணிக்கு, இரண்டு கிலோமீட்டர், காலி ரோட்டில். அதில் என்ன தெரியும்? மே மாசம் மதியம் ஒரு மணிக்கு மத்திய கைலாஷ் சிக்னலில் பத்து நிமிஷம் நிறுத்திவைத்து அதற்கு அப்புறம் பணம் கட்டச் சொல்லுங்கள், எத்தனை பேர் கட்டுவார்கள் என்று பார்க்கலாம்.

முதல் சர்வீஸிலேயே சொன்னேன். "சார், பெரிய வண்டின்னா சூடு இருக்கத்தான் சார் செய்யும்" என்றார்கள். இரண்டாவது சர்வீஸில் கூலண்ட் கொஞ்சம் ஊற்றிவிட்டு "பார்த்தாச்சு சார், எல்லாம் நார்மல்" என்றார்கள். மூன்றாவது முறை கொஞ்சம் குரலை உயர்த்திக் கேட்டதும் கம்ப்யூட்டரில் மாட்டிப் பார்த்து, எரர் எதுவும் இல்லை என்று ஒரு தாளை அச்சடித்துக் கொடுத்தார்கள். எரர் இருக்கிறது என்று நான் எப்போது சொன்னேன்? வண்டி கெட்டுப்போயிருக்கிறது என்று நான் சொல்லவே இல்லை. நல்லா இருக்கும்போதே காலைச் சுடுகிறது என்றுதான் சொல்கிறேன். இந்த இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் அந்த சர்வீஸ் அட்வைசருக்குப் புரியாமல் இல்லை, புரிந்தால் பதில் சொல்லவேண்டி வரும், அவ்வளவுதான்.

சூடு எங்கிருந்து வருகிறது என்பது ரகசியம் ஒன்றும் இல்லை. ஊற்றுகிற பெட்ரோலில் மூன்றில் ஒரு பங்கு போலத்தான் சக்கரத்தைச் சுற்றப் போகிறது, மிச்சமெல்லாம் சூடுதான். பாதி ரேடியேட்டர் வழியாக, பாதி சைலன்ஸர் வழியாக வெளியே வரும். 2020 ஏப்ரலில் பிஎஸ் 6 புகைக் கட்டுப்பாட்டு விதி வந்த பிறகு சைலன்ஸருக்குள் இருக்கிற கேட்டலிட்டிக் கன்வெர்ட்டரின் வேலையும் கூடிவிட்டது. தேன்கூடு மாதிரி சின்னச் சின்னக் கண்ணாக இருக்கும், மேலே பிளாட்டினம், பல்லேடியம், ரோடியம் பூசியிருப்பார்கள். கார்பன் மோனாக்சைடு, எரியாத பெட்ரோல் ஆவி, நைட்ரஜன் ஆக்சைடு எல்லாவற்றையும் அது மாற்றி வெளியே விடும். ஆனால் அது வேலை செய்யத் தொடங்குவதற்கே முந்நூறு டிகிரி பக்கத்தில் சூடு வேண்டும், தொடங்கிய பிறகு அந்த வேதிவினையே இன்னும் சூட்டைக் கிளப்பும். சீக்கிரம் சூடேற வேண்டும் என்பதற்காக அதை என்ஜினுக்குப் பக்கத்திலேயே கொண்டுவந்து வைக்கிறார்கள். என் வண்டியில் அது இருப்பது என்ஜினிலிருந்து புகையைக் கொண்டுவருகிற பெண்ட் பைப் முடிகிற இடத்தில், வலது ஃபுட்ரெஸ்டுக்கு ஒரு சாண் முன்னால். அதாவது என் காலுக்குப் பக்கத்தில் ஒரு அடுப்பை வைத்துவிட்டு, அதன் மேல் கையகலத் தகடு ஒன்றை மூன்று போல்ட்டில் மாட்டிவிட்டு, வேலை முடிந்தது என்று போய்விட்டார்கள்.

இதைக் குறைக்க முடியாது என்று யாராவது சொன்னால் எனக்குக் கோபம்தான் வருகிறது. ஹார்லி டேவிட்சன் 2017 மாடல்களில் மில்வாக்கி எய்ட் என்ஜினைக் கொண்டுவந்தபோது பின் சிலிண்டரின் பைப்பையும் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டரையும் ஓட்டுகிறவர் காலிலிருந்து தள்ளி வைத்தார்கள். அதற்கும் முன்பே, நிற்கும்போது சூடு ஏறிவிட்டால் பின் சிலிண்டர் எரிவதைத் தானாக நிறுத்திக்கொள்கிற ஏற்பாடு அவர்களுடைய டூரிங் வண்டிகளில் இருந்தது. டுகாட்டி மல்டிஸ்ட்ராடா வி4-லும் சிக்னலில் நின்றால் பின்பக்கத்து இரண்டு சிலிண்டரும் அணைந்துவிடும். ஓட்டுகிறவனுடைய தொடையும் காலும் வெந்துபோகிறது என்பது அவர்களுக்கெல்லாம் தெரிந்திருக்கிறது, அதற்காக உட்கார்ந்து யோசித்திருக்கிறார்கள். இருபது லட்சத்துக்கு மேல் கொடுப்பவனுக்கு ஒரு கால், மூன்றரை லட்சம் கொடுப்பவனுக்கு வேறு காலா? சிலிண்டரை அணைக்கிற வித்தையெல்லாம் வேண்டாம். தகட்டை இன்னும் நான்கு அங்குலம் நீளமாக வைக்கலாம், ஃபேன் காற்றைக் கீழே திருப்பிவிட ஒரு பிளாஸ்டிக் மறைப்பு போடலாம். அதுகூட வராதா?

சரி, கம்பெனி செய்யாது, நாமே ஏதாவது செய்துகொள்வோம் என்று போன வருஷம் சைலன்ஸர் மாற்றுகிற கடைக்குப் போனேன். சூடு குறையணும் என்று சொல்லி முடிப்பதற்குள் நான்கு சைலன்ஸரை எடுத்து மேஜையில் வைத்துவிட்டார். "இதைக் கேளுங்க சார், சும்மா அதிரும்." அண்ணே, எனக்குச் சத்தம் வேண்டாம், கால் வேகுது என்றேன். "இதைப் போட்டா சூடும் குறையும் சார்." எப்படிக் குறையும்? அவர் காட்டிய நான்கும் கடைசிக் குழாயை மட்டும் மாற்றுகிற ஸ்லிப்-ஆன். என் வண்டியில் சூடு கக்குவது முன்னால் இருக்கிற பெண்ட் பைப்பும் கேட்டும்தான், கேட் என்றால் அந்த கேட்டலிட்டிக் கன்வெர்ட்டர். வாலை மாற்றினால் தலைவலி போகுமா? இதைக் கேட்டதும் அடுத்த யோசனை ரெடியாக வந்தது. "அப்போ டீகேட் பண்ணிடலாம் சார், முழு சிஸ்டமும் மாத்திடலாம், ஓ2 சென்சாருக்கு ஒரு டூனர் போட்டு ஏமாத்திடலாம், பத்து டிகிரி இறங்கிடும்." டீகேட் என்றால் கேட்டையே கழற்றிவிடுவது, ஓ2 சென்சார் புகையில் இருக்கிற ஆக்சிஜனை அளப்பது, டூனர் பெட்ரோல் அளவை மாற்றுகிற பெட்டி.

ஒன்றை ஒத்துக்கொள்கிறேன். கேட்டைக் கழற்றினால் காலுக்குப் பக்கத்தில் சூடு குறையும், இல்லை என்று சொல்லமாட்டேன். கேட் சரியாக வேலை செய்யவேண்டும் என்பதற்காக என்ஜின் 14.7 பங்கு காற்றுக்கு ஒரு பங்கு பெட்ரோல் என்கிற கணக்கைச் சுற்றியே ஓடும், டூனர் போட்டுப் பெட்ரோலைக் கொஞ்சம் கூட்டினால் எரிகிற சூடும் கொஞ்சம் தணியும். எல்லாம் உண்மை. ஆனால் என் பின்னால் ஸ்கூட்டரில் குழந்தையை முன்னால் நிற்கவைத்துக்கொண்டு ஒருவர் வருகிறாரே, அந்தக் குழந்தையின் முகம் என் சைலன்ஸர் உயரத்துக்குக் கொஞ்சம் மேலேதான் இருக்கிறது. என் கால் வேகக்கூடாது என்பதற்காக அந்தக் குழந்தை என் புகையைக் குடிக்கவேண்டுமா? என்னால் முடியாது. சட்டமும் இருக்கிறது. 2019 திருத்தத்துக்குப் பிறகு அனுமதியில்லாத மாற்றம் ஒவ்வொன்றுக்கும் ஐயாயிரம் ரூபாய் அபராதம் அல்லது ஆறு மாதம் வரை சிறை, இரண்டுமேகூட. புகை, சத்தம் அளவை மீறினால் பத்தாயிரம் வரைக்கும் அபராதம், மூன்று மாசம் லைசென்ஸும் போகும். மாட்டிவிடுகிற கடைக்காரர் இதில் ஒரு வார்த்தைகூடச் சொல்வதில்லை. ரோட்டில் மடக்கினால் நிற்கப்போவது நான்தானே.

கடைசியில் பைப்பின் சூடு வெளியே வராமல் தடுக்கிற ராப் சுற்றினேன். பாசால்ட் என்கிற எரிமலைப் பாறை நாரில் நெய்த நாடா, இரண்டு அங்குல அகலம், பத்து மீட்டர் சுருள், எஃகு கிளிப்போடு 2,800 ரூபாய். புதுப்பேட்டைப் பக்கம் ஒரு வயதான மெக்கானிக்தான் சுற்றிக்கொடுத்தார். ஆஸ்பெஸ்டாஸ் கயிறு சுற்றிவிடலாமா என்று அவரே முதலில் கேட்டுவிட்டு, "வேணாம் தம்பி, அந்தத் தூசி நுரையீரலுக்கு ஆகாது, நாங்கதான் தெரியாம செஞ்சோம்" என்று அவரே மறுத்தார். நாடாவைத் தண்ணீரில் ஊறவைத்து, சிலிண்டர் ஹெட்டிலிருந்து தொடங்கி, ஒவ்வொரு சுற்றும் முந்தினதில் கால் அங்குலம் ஏறுகிற மாதிரி இழுத்து இழுத்துச் சுற்றினார். ஓ2 சென்சாருக்கு மட்டும் இடம் விட்டார். முடிக்க மூன்று மணி நேரம். அந்தக் கடைக்காரர் மூன்று நிமிஷத்தில் சொன்ன பொய்களுக்கு நடுவே, மூன்று மணி நேரம் குனிந்து நின்று வேலை செய்த இந்த மனிதர் கூலியாகக் கேட்டது அறுநூறு ரூபாய்.

முதல் இரண்டு நாள் ராப் புகைந்தது, அது அப்படித்தான், பசை எரிந்து போகும்வரை புகையும். சிக்னலில் நிற்கும்போதெல்லாம் "சார், வண்டி எரியுது" என்று பக்கத்தில் இருப்பவர்கள் பதறினார்கள். அதற்கு அப்புறம் நிஜமாகவே வித்தியாசம் தெரிந்தது. பெண்ட் பைப் பக்கம் முழங்காலுக்கு வந்த அனல் பாதியாகிவிட்டது. ஆனால் கேட் மேல் சுற்ற முடியவில்லை, அது ஏற்கெனவே சூட்டில் தகிக்கிற சாமான், மூடிக் கட்டினால் உள்ளே இன்னும் ஏறும், தேன்கூடே உருகிவிடும் அபாயம் இருக்கிறது. அப்புறம் ஐப்பசி மழை வந்தது. ராப் துணி மாதிரி தண்ணீரைக் குடித்து வைத்துக்கொள்ளும், வண்டி எடுக்காத நாளெல்லாம் பைப் ஈரத்திலேயே ஊறும். தையில் பிரித்துப் பார்த்தபோது வெல்டிங் வைத்த இடமெல்லாம் துரு, நகத்தால் சுரண்டினால் செதிலாக வருகிறது.

துருவைப் பார்த்ததும் சர்வீஸ் சென்டரில் அவர்களுக்கு வந்த உற்சாகத்தைச் சொல்லவேண்டும். இத்தனை நாளாக என் காலைப் பார்க்காதவர்கள் அன்றைக்கு வண்டியைச் சுற்றிச் சுற்றிப் படம் எடுத்தார்கள். "நீங்க சைலன்ஸர்ல கை வச்சிருக்கீங்க சார், இனிமே சைலன்ஸருக்கு வாரண்டி கிடையாது." நான் ஏன் கை வைத்தேன் என்று அந்த ஆபீஸில் ஒருவர் கேட்கவில்லை. என் காலில் பழைய தழும்பைக் காட்டினேன், "ரைடிங் கியர் போடுங்க சார்" என்றார் ஒருவர். போட்டிருந்தேன் ஐயா, போட்டுக்கொண்டுதான் வெந்தேன்! அந்த நிமிஷம் எனக்குக் கை நடுங்கியது. கையெழுத்துப் போடச் சொன்ன தாளில் கையெழுத்துப் போடாமல் வந்துவிட்டேன்.

இன்னொரு கூட்டம் இருக்கிறது, நம்மைப் போல வண்டி ஓட்டுகிறவர்களேதான். "ஓட்டிக்கிட்டே இருந்தா சூடு தெரியாது", "சிக்னல்ல ஆஃப் பண்ணிடு", "டவுனுக்கு ஸ்கூட்டர் வச்சுக்கோ" என்பார்கள். என்ஜினை அணைத்தால் கூலண்ட் ஓடாது, பைப் சூடு அப்படியேதான் இருக்கும், மறுபடி ஸ்டார்ட் செய்ததும் ஃபேன் திரும்பவும் ஓடும். டவுனுக்குள் வராமல் எந்த டூர் போக முடியும்? கிளம்புவதும் டவுனிலிருந்துதான், திரும்பி வருவதும் டவுனுக்குத்தான். அடிபட்டவனைப் பார்த்து நீ ஏன் அங்கே நின்றாய் என்று கேட்கிற வழக்கத்தை விடுங்கள். நாம் எல்லாரும் வாயை மூடிக்கொண்டு வெந்துகொண்டிருப்பதால்தான் அடுத்த மாடலிலும் அதே தகடு, அதே மூன்று போல்ட்.

இப்போது எது ஓரளவு நிற்கிறது என்பதையும் சொல்லிவிடுகிறேன், இதே அவஸ்தையில் இருப்பவர்களுக்கு உதவும். ராப்பை மறுபடி சுற்றவில்லை. கம்பெனித் தகட்டுக்கு வெளியே ஒன்றரை மில்லி அலுமினியத் தகட்டில் நீளமாக ஒன்று வெட்டி, லேத் பட்டறையில் வளைத்து, இரண்டுக்கும் நடுவே ஒரு விரல் இடைவெளி விட்டு மாட்டியிருக்கிறேன். அந்த இடைவெளியில் ஓடுகிற காற்றுதான் காப்பாற்றுகிறது, ஒட்டி வைத்தால் இரண்டாவது தகடும் கொஞ்ச நேரத்தில் அதே சூட்டுக்கு வந்துவிடும். போல்ட் வழியாகச் சூடு ஏறாமல் இருக்க ஃபைபர் வாஷர் போட்டேன். ரேடியேட்டருக்குப் பின்னால் இரண்டு பக்கமும் சின்ன மறைப்பு வைத்து ஃபேன் காற்றைத் தரைப்பக்கம் திருப்பிவிட்டேன். மொத்தச் செலவு 1,400 ரூபாய், ஒரு நாள் வேலை. ஞாயிற்றுக்கிழமை கொல்லிமலை போனபோது இவை எதுவும் இல்லை, கொப்புளத்தைப் பார்த்த கோபத்தில் இந்த வாரம்தான் செய்தேன். நேற்று மதியம் வெயிலில் தாம்பரத்திலிருந்து கிண்டி வரை வேண்டுமென்றே ஓட்டிப் பார்த்தேன். சூடு இருக்கிறது, ஆனால் கால் வைக்க முடிகிறது. அடுத்த மாசம் பெண்ட் பைப்பைக் கழற்றி, துருவைச் சுரண்டி, செராமிக் கோட்டிங் கொடுக்கப்போகிறேன்.

அதற்கு முன்னால் அந்த அலுமினியத் தகட்டை எடுத்துக்கொண்டு ஷோரூமுக்குப் போகிறேன். தகடு, வாஷர், மறைப்பு, மூன்றின் பில்லையும் சேர்த்து எழுத்தில் புகார் கொடுத்து, முத்திரை வைத்த நகல் வாங்காமல் வெளியே வருவதாக இல்லை. அவளும் கூட வருகிறேன் என்றிருக்கிறாள், இளகிப்போன செருப்போடு.