ட்ராம்போன்காரர்கள் தங்களுக்காகப் போட்ட இசைத்தட்டுகள்

ட்ராம்போன் என்பது இழுத்துத் தள்ளும் ஸ்லைடு வைத்த பித்தளை ஊதுகருவி. ஜாஸ் கேட்கிற நண்பர்களிடம் "நல்ல ட்ராம்போன் ஆல்பம் ஒன்று சொல்லுங்கள்" என்று கேட்டுப் பாருங்கள். ஜே. ஜே. ஜான்சன் என்பார்கள். கொஞ்சம் யோசித்து கர்டிஸ் ஃபுல்லர் என்பார்கள். அத்தோடு பட்டியல் முடிந்துவிடும். இரண்டு பேரும் பெரிய வித்வான்கள், அதில் தகராறே இல்லை. அதற்கு மேல் யாரும் போக மாட்டேன் என்கிறார்களே என்பதுதான் என் ஆதங்கம்.

என் கட்சி இதுதான். ட்ராம்போன்காரர்கள் அடுத்தவருடைய இசைத்தட்டுக்கு உழைத்தே ஆயுளைக் கழித்தவர்கள். பின்வரிசையில் உட்கார்ந்து மொத்தக் குழுவையும் கேட்டுக்கொண்டே இருந்ததாலோ என்னவோ, அவர்களில் பலர் அருமையான அரேஞ்சர்களாகவும், அதாவது குழுவில் யார் எதை வாசிப்பது என்று பாட்டைப் பிரித்து எழுதுபவர்களாகவும், ஆனார்கள். பந்தியில் எல்லோருக்கும் பரிமாறிவிட்டுக் கடைசியில் தனக்கு இலை போட்டுக்கொள்பவர் மாதிரி, சொந்தப் பெயரில் அவர்கள் போட்ட தட்டுகள் கொஞ்சம்தான். அந்தக் கொஞ்சத்தைத்தான் நாம் தவறவிடுகிறோம்.

இதற்கு மெல்பா லிஸ்டனை விட வலுவான சாட்சி கிடையாது. 1926இல் கன்சாஸ் சிட்டியில் பிறந்தவர். ஏழு வயதில் ட்ராம்போனைத் தூக்கிக்கொண்டார். டிரம்பெட் மேதை டிஸ்ஸி கில்லெஸ்பி தன் குழுவுக்கு அவரை அழைத்தபோது, ஒரு பெண்ணைக் கலிஃபோர்னியாவிலிருந்து வரவழைக்க வேண்டுமா என்று ஆண்கள் முணுமுணுத்தார்களாம். மெல்பா எழுதிக் கொண்டுவந்த அரேஞ்ச்மென்டை எடுத்து வாசிக்கச் சொன்னார் கில்லெஸ்பி. ஆரம்பத்திலேயே எல்லோரும் தடுமாறினார்கள். முணுமுணுப்பு நின்றது. பிற்காலத்தில் மெல்பாவே சொன்ன கதை இது. ஆனால் அந்தக் காலத்து வாழ்க்கை அவருக்குச் சுலபமாக இல்லை. 1949இல் பாடகி பில்லி ஹாலிடேயுடன் தென் மாநிலங்களுக்குப் போன சுற்றுப்பயணம் படுதோல்வி. வெறுத்துப்போய் வாசிப்பையே விட்டுவிட்டு லாஸ் ஏஞ்சலஸ் கல்வி வாரியத்தில் குமாஸ்தாவாகச் சில வருடம் இருந்தார். 1956இல் கில்லெஸ்பியின் வெளிநாட்டுச் சுற்றுப்பயணம்தான் அவரை மறுபடி மேடைக்குக் கொண்டுவந்தது.

அவர் தலைமையில் வந்த ஒரே ஆல்பம் 'மெல்பா லிஸ்டன் அண்ட் ஹெர் போன்ஸ்' (போன்ஸ் என்றால் ட்ராம்போன்கள்). 1958 டிசம்பரில் பதிவானது. தன்னோடு வாசிக்க ஸ்லைட் ஹாம்ப்டன், அல் கிரே, ஜிம்மி கிளீவ்லேண்ட் என்று ட்ராம்போன்காரர்களாகவே சேர்த்துக்கொண்டார். ஒரே வாத்தியம் இத்தனை பேர் வாசித்தால் சேறாகக் கலங்கிவிடும் என்றுதான் தோன்றும். கலங்கவில்லை. மெட்டை மேலே ஒருவர் பிடிக்க, மற்றவர்கள் கீழே நெருக்கமாக அடுக்கி நிற்கிறார்கள். தனி ஆவர்த்தனம் வாசிப்பவருக்கு வழிவிட்டு ஒதுங்கி, சரியான இடத்தில் ஒரு சின்ன வெட்டாக உள்ளே வருகிறார்கள். ஒருவர் குரல் கரகரப்பு, இன்னொருவர் குரல் வெண்ணெய் என்பது கேட்கக் கேட்கப் பிடிபடும். இதற்குப் பிறகு அவர் பல வருடம் பியானோ கலைஞர் ராண்டி வெஸ்டனுக்கு எழுதினார், மற்றவர்களுக்கு எழுதினார். தனக்கென்று இன்னொன்று போடவே இல்லை. எனக்கு இது கொஞ்சம் கோபம் வரவழைக்கும் விஷயம்.

எழுபதுகளில் மெல்பா ஜமைக்காவுக்குப் போய் இசைப் பள்ளியில் பாடம் நடத்தினார். ஜமைக்கா என்றால் ட்ராம்போனுக்குத் தாய்வீடு மாதிரி. கிங்ஸ்டனில் கன்னியாஸ்திரீகள் நடத்திய ஆல்ஃபா பள்ளியில் படித்தவர்கள் டான் டிரம்மண்டும் ரிக்கோ ரோட்ரிகஸும். சீனியரான டிரம்மண்டிடமே ரிக்கோ கற்றுக்கொண்டார். ரிக்கோ பெயர் தெரியாதவர்கூட அவர் வாசிப்பைக் கேட்டிருக்க வாய்ப்பு உண்டு: 'எ மெசேஜ் டு யூ ரூடி' பாட்டின் 1967 மூலத்திலும் அவர்தான், 1979இல் தி ஸ்பெஷல்ஸ் என்ற இங்கிலாந்துக் குழு மறுபடி பாடியபோதும் அவர்தான். இரண்டு தலைமுறை முணுமுணுத்த அந்த ட்ராம்போன் மெட்டு யாருடையது என்று கேட்டால் பதில் வராது.

அவருடைய 'மேன் ஃப்ரம் வரைக்கா' 1977இல் வந்தது. அமெரிக்காவில் வெளியிட்டது ஜாஸுக்குப் பேர்போன ப்ளூ நோட் கம்பெனி. கிங்ஸ்டனை ஒட்டிய வரைக்கா குன்றுகளில், டிரம் கலைஞர் கவுண்ட் ஆஸியின் முகாமில் பழகியவர் ரிக்கோ. அது ரஸ்தாஃபாரி என்ற ஜமைக்கா மத இயக்கத்தாரின் முகாம். அந்த நிதானம் ஆல்பம் முழுக்க இருக்கிறது. 'லுமும்பா', 'ஆஃப்ரிக்கா' என்று தலைப்புகளைப் பார்த்தாலே மனம் எங்கே இருக்கிறது என்று தெரியும். ரிக்கோ அவசரப்படவே மாட்டார். ஸ்வரத்துக்குக் கொஞ்சம் கீழேயிருந்து தொட்டு, மெல்ல ஏறி வந்து உட்காருவார். ட்ராம்போனில் பொத்தானும் இல்லை, கட்டையும் இல்லை. ஸ்லைடை எங்கே நிறுத்துவது என்பதைக் காதுதான் சொல்ல வேண்டும். கமகம் கேட்டுப் பழகிய நமக்கு இந்த வழுக்கல் உடனே ஒட்டிக்கொள்ளும் என்பது என் நம்பிக்கை. மேற்கத்திய ஊதுகருவி என்றாலே ஒதுங்குகிறவர்களுக்கு நான் முதலில் போட்டுக்காட்டுவது இதைத்தான்.

சல்சா என்கிற லத்தீன் நடன இசை பிடிக்குமா? பியானோ கலைஞர் எட்டி பால்மியேரியின் 'அசூகார் பா தி', 1965. டிரம்பெட் வரிசையைத் தூக்கிவிட்டு அந்த இடத்தில் ட்ராம்போன்களை வைத்த குழு அது. அட்டையில் பால்மியேரி பெயர்தான், ஆனால் தட்டைத் தூக்கி நிறுத்துவது ட்ராம்போன்காரர் பேரி ராஜர்ஸ். 'அசூகார்' ஒன்பது நிமிடத்துக்கு மேல் ஓடும். காது கொஞ்சம் காய்ந்துபோகிற அளவுக்குக் கரடுமுரடான சத்தம். அதுதான் சுகம்.

ஃபங்க் பக்கம் ஃப்ரெட் வெஸ்லி. ஃபங்க் பாடகர் ஜேம்ஸ் பிரவுனின் குழுவை நடத்தியவர். 'டேம் ரைட் ஐ ஆம் சம்படி', 1974. சமையல் செய்துகொண்டே கேட்கலாம், அடுப்பில் இருப்பது தீய்ந்தால் நான் பொறுப்பில்லை.

கிரேஷன் மன்கரின் 'எவல்யூஷன்' அப்படி இல்லை. உட்கார்ந்துதான் கேட்க வேண்டும். 1963 நவம்பர் 21இல், கென்னடி சுடப்பட்டதற்கு முந்தைய நாள் பதிவானது. எல்லாப் படைப்பும் மன்கருடையவை. டிரம்ஸில் டோனி வில்லியம்ஸ், அப்போது அவருக்கு வயது 17. தலைப்புப் பாடலில் ஊதுகருவிகள் நீண்ட ஸ்வரங்களைப் பிடித்துக்கொண்டே நிற்கின்றன, தாளம் எங்கே என்று தேட வேண்டியிருக்கும். முதல் முறை சலிப்பாக இருந்தால் வைத்துவிடுங்கள், ஒரு மாதம் கழித்து எடுங்கள்.

ஸ்டூவர்ட் டெம்ப்ஸ்டர் வேறு உலகம். வாஷிங்டன் மாநிலத்தில் ஃபோர்ட் வார்டன் என்ற பழைய ராணுவக் கோட்டையில் நிலத்தடித் தண்ணீர்த் தொட்டி ஒன்று, கொள்ளளவு சுமார் 75 லட்சம் லிட்டர். காலியான அந்தத் தொட்டிக்குள் ஓர் ஒலி அடங்க 45 விநாடி ஆகும். தன் ட்ராம்போன் கூட்டத்தோடு உள்ளே இறங்கி வாசித்து 1995இல் அவர் வெளியிட்டதுதான் 'அண்டர்கிரவுண்ட் ஓவர்லேஸ் ஃப்ரம் தி சிஸ்டர்ன் சாப்பல்'. இப்போது ஊதிய ஸ்வரம், முன்பு ஊதிய ஸ்வரத்தின் மேல் போய் விழுகிறது. தப்பாக ஒன்றை ஊதிவிட்டால் முக்கால் நிமிடம் அதோடு குடித்தனம் நடத்த வேண்டும். தயவுசெய்து போன் ஸ்பீக்கரில் கேட்காதீர்கள்.

ராஸ்வெல் ரட் மாலி நாட்டுக்குப் போய் டூமானி டியாபாட்டேயின் கோராவோடு (மேற்கு ஆப்பிரிக்க யாழ் போன்ற வாத்தியம்) செய்த 'மாலிகூல்' பற்றித் தனியாகவே எழுதலாம். 21 தந்திகள் துளித்துளியாக உதிர, ட்ராம்போன் நீளமாக மூச்சு விடுகிறது. அதில் ஜாஸ் பியானோ மேதை தெலோனியஸ் மங்கின் ஒரு படைப்பையும் வாசித்திருக்கிறார்கள், கோராவுக்கென்றே எழுதினதுபோல.

கடைசியாக ஒரு வயிற்றெரிச்சல். ஃபிராங்க் ரோசலினோ 1958 டிசம்பரில் 'ஃப்ரீ ஃபார் ஆல்' பதிவு செய்தார். துள்ளலும் குறும்புமாக, அவர் வாசித்ததில் ஆகச் சிறந்தது என்று நான் சண்டை போடுவேன். கம்பெனி அதை அலமாரியில் போட்டுவிட்டது. அவர் 1978இல் இறந்துபோனார். தட்டு கடைக்கு வந்தது 1986இல்.