தோட்டைக் கழற்ற முன்னம் கடிதத்தைக் கேளுங்க

ஞாயிற்றுக்கிழமை மண்டபத்தில், வேலை போன ஒருவன் கேட்ட கேள்விக்கு மேடையில் இருந்த ஐயா சொன்ன பதிலைக் கேட்டிருப்பீர்கள். கேட்காதவர்கள் தேடிப் பார்த்துக்கொள்ளுங்கள், காணொளி எல்லோருடைய பக்கத்திலும் கிடக்கிறது. எனக்கு அவரைவிடக் கைதட்டியவர்கள் மேல்தான் கோபம்.

ஏழு வருஷம் ஹோட்டலில் வேலை செய்தவன். ஒரே நாளில் "நாளைக்கு வர வேணாம்" என்று அனுப்பப்பட்டவன். மைக்கைப் பிடித்து, "இனி என்னங்கய்யா செய்றது?" என்று கேட்டான். கிடைத்த பதில்: "வீட்டுக்காரி கெட்டிக்காரியா இருந்தா குடும்பம் ஆடாது. காதுல கழுத்துல கிடக்கிறது இந்த நேரத்துக்குத்தானே? நாலு பேருக்குத் தெரியாம சமாளிங்க." மண்டபமே கைதட்டியது. அவன் மனைவி இரண்டாவது வரிசையில், பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

ஏழு வருஷ வேலைக்கு என்ன பெறுமதி என்று அந்த மேடையில் ஒருவராவது அவனுக்குச் சொன்னார்களா? நான் சொல்கிறேன். கடைசிச் சம்பளம் 48,000 ரூபா என்று வைத்துக்கொள்வோம். வேலை முடியும்போது முதலாளி தர வேண்டிய காசுதான் பணிக்கொடை. இலங்கையின் 1983ஆம் ஆண்டுப் பணிக்கொடைச் சட்டப்படி, 15 பேருக்குக் குறையாமல் வேலை செய்கிற இடத்தில் ஐந்து வருஷம் முடித்தவருக்கு, முடித்த ஒவ்வொரு வருஷத்துக்கும் அரை மாதச் சம்பளம். 24,000 ரூபாப்படி ஏழு வருஷத்துக்கு 168,000 ரூபா. வேலை முடிந்து 30 நாளுக்குள் கொடுக்க வேண்டும். தானாக விலகியவருக்கும் இது உண்டு.

இது சின்னக் கணக்கு. பெரியது வேறு. ஆட்களை வேலையிலிருந்து நிறுத்துவது பற்றி 1971ஆம் ஆண்டு 45ஆம் இலக்கச் சட்டம் இருக்கிறது. அதே மாதிரி 15 பேருக்குக் குறையாத இடத்தில், முந்திய 12 மாதத்தில் 180 நாளாவது வேலை செய்தவரை, ஒழுக்காற்றுக் காரணம் இல்லாமல் நிறுத்துவதென்றால், அவருடைய எழுத்துமூலச் சம்மதம் வேண்டும். அது இல்லையென்றால் தொழில் ஆணையாளரின் முன் அனுமதி வேண்டும். "ஆட்கள் வரல்ல, வியாபாரம் இல்ல" என்று வாயால் சொல்லி அனுப்ப முடியாது. நட்டஈட்டுக்குச் சூத்திரமும் இருக்கிறது: முதல் ஐந்து வருஷத்துக்கு வருஷம் இரண்டரை மாதச் சம்பளம், ஆறாவதிலிருந்து பதினான்காவது வரை வருஷம் இரண்டு மாதம். ஏழு வருஷத்துக்குப் பதினாறரை மாதச் சம்பளம். 48,000 ரூபாவால் பெருக்கிப் பாருங்கள், 792,000 ரூபா. அந்த மனைவியின் காதில் கிடக்கிற தோட்டுக்கு அடகுக் கடையில் என்ன கிடைக்கும் என்று உங்களுக்கே தெரியும். எட்டு லட்சத்தைக் கேட்காதே, தோட்டைக் கழற்று என்றுதான் அந்த மண்டபம் கைதட்டியிருக்கிறது.

அதனால்தான் திரும்பத் திரும்பச் சொல்கிறேன். வேலை போன வீட்டில் முதல் கை, ஏன் நிறுத்தினார்கள் என்று சொல்கிற கடிதத்துக்குப் போக வேண்டும், காதுக்குப் போகக் கூடாது.

ஆனால் வேறொரு கடிதத்தில்தான் நம் ஆட்கள் மாட்டுகிறார்கள். கூப்பிட்டு உட்கார வைத்து, ஒரு தேத்தண்ணியும் கொடுத்து, டைப் செய்த தாள் ஒன்றை நீட்டுவார்கள். சிங்களத்தில் இருக்கும். "இதுல சைன் பண்ணினா இந்த மாசச் சம்பளத்த இப்பவே எடுத்துட்டுப் போகலாம்" என்பார்கள். அது தன் விருப்பத்தில் விலகுகிறேன் என்ற இராஜினாமாக் கடிதம். கையெழுத்து வைத்த நிமிஷமே அந்த எட்டு லட்சத்துக்கான வாதம் கையை விட்டுப் போகிறது. அழுத்தம் கொடுத்து வாங்கினார்கள் என்று பிறகு நிரூபிப்பது பெரும்பாடு. வாசிக்கத் தெரியாத தாளில் கையெழுத்து வைக்காதீர்கள். "வீட்டுக்குக் கொண்டுபோய்க் காட்டிட்டு வாறேன்" என்று சொல்லுங்கள். தர மறுத்தால் போனில் ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள். ஏற்கெனவே வைத்துவிட்டீர்களா? எந்த நாள், யார் முன்னால், என்ன சொல்லி வாங்கினார்கள் என்பதை அன்றைக்கே எழுதி வையுங்கள்.

முதல் வாரத்து வேலை காகித வேலைதான். நியமனக் கடிதம், சம்பளத் துண்டுகள், ஈ.பி.எப். (ஊழியர் சேமலாப நிதி) இலக்கம், அடையாள அட்டை, வரவு அட்டை அல்லது அதன் படம், நிறுத்தியதாக வந்த வட்ஸ்அப் செய்தி, எல்லாவற்றையும் ஒரு பைலில் போட்டு இரண்டு போட்டோக் கொப்பி. சம்பளத் துண்டே தராத இடமென்றால் சம்பளம் விழுந்த வங்கிக் கணக்கின் கூற்றை வங்கியில் வாங்குங்கள். "என்னை ஏன் நிறுத்தினீர்கள்" என்று நிறுவனத்துக்கு ஒரு கடிதம் எழுதிப் பதிவுத் தபாலில் போடுங்கள். அந்தத் தபால் துண்டு தொலையக் கூடாது. பிறகு ஹட்டனோ நுவரெலியாவோ பதுளையோ, கிட்ட இருக்கிற லேபர் ஒபிஸ். தமிழிலேயே எழுதிக் கொடுக்கலாம். முறைப்பாட்டுக்குக் காசு இல்லை. ஆறு மாதத்துக்குள் போக வேண்டும், அந்தத் தவணை தப்பினால் எவ்வளவு நியாயம் இருந்தும் பிரயோசனமில்லை. "கொஞ்ச நாள்ல திரும்பக் கூப்பிடுவாங்க" என்ற நம்பிக்கையில்தான் அந்த ஆறு மாதம் கரைகிறது.

ஈ.பி.எப்.பையும் ஈ.டி.எப்.பையும் (ஊழியர் நம்பிக்கை நிதி) குழப்பிக்கொள்வதால் ஏமாறுகிறவர்கள் எத்தனை பேர்! ஈ.பி.எப்.புக்கு உங்கள் சம்பளத்தில் 8 வீதம், முதலாளி பக்கம் 12 வீதம். வேலை போனதற்காக மட்டும் அது கைக்கு வராது. ஆணுக்கு 55 வயது, பெண்ணுக்கு 50. பத்து வருஷம் கட்டி, மீதி மூன்று லட்சத்துக்குக் குறையாமல் இருந்தால், வீட்டுக்கோ வைத்தியத்துக்கோ 30 வீதம் எடுக்கலாம். "முழுசா எடுத்துத் தாறேன்" என்று பஸ் ஸ்டாண்டில் ஐயாயிரம் முன்பணம் கேட்கிறவனை நம்பாதீர்கள். ஈ.டி.எப். வேறு. முதலாளி மட்டும் கட்டுகிற 3 வீதம் அது. வேலையை விட்டதும் கேட்டு எடுக்கலாம், ஒரு தரம் எடுத்தால் அடுத்ததுக்கு ஐந்து வருஷம் பொறுக்க வேண்டும். அடுப்பு எரிய வேண்டிய மாதங்களுக்கு உதவுகிற காசு இதுதான், இதைத்தான் யாரும் சொல்வதில்லை. இரண்டும் ஒழுங்காகக் கட்டப்பட்டிருக்கிறதா என்பதையும் அப்போதே பாருங்கள். பிடித்த காசைக் கட்டாமல் வைத்திருந்தால் அதையும் லேபர் ஒபிஸில் சொல்லலாம்.

இப்போது சிலர் வருவார்கள். "கேஸ் போட்டா வருஷக்கணக்கில் இழுக்கும், அதுவரைக்கும் சோறு யார் போடுறது?" இழுக்கும். அதை மறுக்கவில்லை. ஆனால் பணிக்கொடையும் ஈ.டி.எப்.பும் இழுக்கிற கேஸ் இல்லை, அவை நேரான காசு. "எங்க கடையில மொத்தமே ஆறு பேர்" என்பீர்கள். 1971ஆம் ஆண்டுச் சட்டம் உங்களுக்குப் பொருந்தாதுதான், ஆனால் வேலைப் பிணக்குகளை விசாரிக்கிற தொழில் நியாய மன்றுக்கு நீங்களும் போகலாம். "முதலாளி நல்ல மனுசன், பகைச்சுக்கக் கூடாது" என்கிறவர்களுக்கு நான் என்ன சொல்ல? நல்ல மனுசன் பணிக்கொடையைக் கேட்காமலே தந்திருப்பார்.

"நாலு பேருக்குத் தெரியாம" என்றாரே, அதுதான் என்னால் பொறுக்க முடியாத வார்த்தை. அந்த நாலு பேர் யார்? லீசிங்காரர், கடைக்காரர், சீட்டுக்காரி, பிள்ளையின் வகுப்பு டீச்சர். இந்த நாலு பேருக்கும் முதலில் தெரிய வேண்டும். எங்கள் பக்கத்துத் தோட்டத்து ஆள் ஒருவர் வேலை போனதை வீட்டிலேயே சொல்லவில்லை. காலையில் வழக்கம்போலச் சாப்பாட்டுப் பார்சலோடு பஸ் ஏறுவார், டவுனில் சுற்றிவிட்டு அந்தியில் வருவார். த்ரீவீலர் லீசிங் தவணை இரண்டு தப்பி, வண்டியைக் கொண்டுபோக ஆள் வந்த அன்றைக்குத்தான் மனைவிக்குத் தெரியும். தவணை தப்ப முன்னம் போய், வேலை போன விபரத்தை எழுதிக் கொடுத்து, கொஞ்ச மாதத்துக்குத் தவணையைக் குறைத்துக் கட்ட விடுங்கள் என்று கேட்டிருக்கலாம். தப்பிய பிறகு தண்டப்பணமும் சேரும், பேசுகிற தொனியும் மாறும். சீட்டை இன்னும் எடுக்கவில்லையென்றால் அடுத்த மாதத்தையே கேட்டுப் பாருங்கள். கிழமைக் கிழமை கட்டுகிற நுண்கடன் இருந்தால், குழுவில் கையெழுத்து வைத்த மற்றப் பெண்களுக்கு அன்றைக்கே சொல்லுங்கள், உங்கள் தவணை அவர்கள் தலையில் விழும்.

சொன்ன பிறகு இருவரும் உட்கார்ந்து ஒரு கொப்பியில் எழுதுங்கள். ஒரு பக்கம், நிறுத்தினால் வீட்டை விட்டோ பள்ளிக்கூடத்தை விட்டோ வெளியே தள்ளுகிற செலவு: வாடகை, அரிசி மா, மருந்து, பிள்ளையின் பஸ் காசு, கரண்ட். மறுபக்கம் மற்றதெல்லாம். கரண்டில் ஒரு நுணுக்கம் இருக்கிறது. மாதம் 60 யூனிட்டைத் தாண்டினால் தாண்டிய யூனிட்டுக்கு மட்டும் விலை கூடுவதில்லை, முதல் யூனிட்டிலிருந்தே கூடின விலை. 58இல் நிற்பதும் 64இல் நிற்பதும் ஒன்றில்லை. ஆயிரம் வோட்ஸ் அயன் ஒரு மணித்தியாலம் ஓடினால் ஒரு யூனிட். பள்ளிக்கூட உடுப்பைக் கிழமைக்கு ஒரு தரம் சேர்த்துத் தேயுங்கள். குளிருக்குச் சுடுதண்ணி கெட்டிலில் வேண்டாம், கவ்வாத்து விறகு (தேயிலைச் செடியில் வெட்டிய கிளை) கிடைக்கிற இடத்தில் அடுப்பில் வையுங்கள். மீட்டரை ஞாயிறு தோறும் பார்த்துக் கொப்பியில் எழுதினால், மாதக் கடைசியில் திடுக்கிட வேண்டாம்.

கடையில் பற்று வைப்பவர்கள் ஐம்பது கிராம் பக்கட்டும் சஷேயும் வாங்காதீர்கள். நாளுக்கு நாள் வாங்கினால் பருப்பும் மிளகாய்த்தூளும் பால்மாவும் கிலோக் கணக்கில் கூடின விலைக்குத்தான் வருகின்றன. கிழமைக்கு ஒரு தரம், எழுதிய துண்டோடு போங்கள். ஒரு கிலோ கோதுமை மாவில் பெரிய ரொட்டி பத்துப் பன்னிரண்டு போடலாம், தேங்காய்ப்பூ சேர்த்தால் இன்னும் ஒன்றிரண்டு கூடும். லயத்துக்கு (தோட்டத்து வரிசை வீட்டுக்கு) பின்னால் நாலடி இடம் இருந்தால் ராபு (முள்ளங்கி) போடுங்கள். ஒரு மாதத்தில் கீரையாகப் பிடுங்கலாம், கிழங்கு அதற்குப் பிறகு. லீக்ஸ் நடாதீர்கள், மூன்று மாதத்துக்கு மேல் காத்திருக்க வேண்டும்.

இவ்வளவும் செய்து முடியவில்லை, அடகுதான் வழி என்றால் வையுங்கள், யார் வேண்டாம் என்றது? ஆனால் முறையாக வையுங்கள். எல்லாவற்றையும் ஒரே அடகுத் துண்டில் வைக்காதீர்கள், பிறகு மொத்தமாகத்தான் மீட்க வேண்டி வரும். மோதிரம் ஒரு துண்டு, சங்கிலி ஒரு துண்டு. கையில் கொஞ்சம் காசு வந்ததும் ஒன்றையாவது எடுத்துவிடலாம். கல் வைத்த தோட்டில் கல்லின் எடையைக் கழிப்பார்கள், அதனால் கல் இல்லாததை முதலில் கொடுங்கள். தருகிறேன் என்கிற தொகை முழுவதையும் வாங்காதீர்கள், அந்த மாதத்துக்குத் தேவையானதை மட்டும் வாங்குங்கள். வட்டியையும் தவணையையும் வங்கியிலும் கேட்டுவிட்டு முடிவெடுங்கள். தவணை நாளைச் சுவர்க் கலண்டரில் குறியுங்கள், தப்பினால் ஏலத்துக்குப் போகும்.

"அவ நகையும் குடும்பத்துக்குத்தானே?" என்று கேட்டு எனக்குச் செய்தி அனுப்பியிருக்கிறீர்கள். குடும்பத்துக்குத்தான். அவளிடம் கேட்டீர்களா? மலையில் எத்தனை வீட்டில் அவளுடைய கொழுந்துச் சம்பளத்தில்தான் ஏற்கெனவே அடுப்பு எரிகிறது? 2024இல் நாட்சம்பளம் 1,350 ரூபா என்று வர்த்தமானியில் வந்தது. பறித்த கொழுந்தின் நிறை குறைந்தால் அதுவும் அரைப் பேர்தான், அரை நாள் சம்பளம். அவள் விடியக்காலை எழும்பி ரொட்டி சுட்டு, பிள்ளையைப் பிள்ளை மடுவத்தில் (தோட்டத்துப் பிள்ளைக் காப்பகத்தில்) விட்டு, மழையில் மலையேறி, அந்திக்கு வந்து மறுபடி அடுப்பில் நிற்கிறாள். வேலை போன மனுஷன் வீட்டில் இருக்கிற நாட்களில் அந்த ரொட்டியை அவர் சுடலாம். பிள்ளையை அவர் கூட்டிப்போகலாம். விறகை அவர் வெட்டலாம். இதைச் சொன்னால் "ஆம்பளைங்கள மட்டம் தட்டுறீங்க" என்கிறீர்கள். வேலை போன மனுஷனின் வலி எனக்குத் தெரியாது என்று நினைக்கிறீர்களா? நேற்று வரை மேசையில் சம்பளம் வைத்த கை வெறுங்கையாக இருப்பது சின்ன வேதனை இல்லை. அந்த வேதனைக்கு மருந்து அவளுடைய காதில் இல்லை என்றுதான் சொல்கிறேன்.

நகை முடிந்த பிறகு என்ன நடக்கிறது என்பதையும் நாம் எல்லோரும் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறோம். மூத்த பிள்ளையைக் கொழும்புக் கடைக்கு அனுப்புவார்கள், பிறகு மனைவியையே வெளிநாட்டுக்கு அனுப்புவார்கள். எட்டு லட்சத்தைக் கேட்க வெட்கப்பட்ட குடும்பம், இரண்டு வயதுப் பிள்ளையை விட்டுத் தாயை அனுப்ப வெட்கப்படுவதில்லை. அவளே யோசித்து, அவளே போகிறேன் என்று சொன்னால் மட்டும் அந்தப் பேச்சை எடுங்கள். அப்படிப் போவதென்றால் முகவருக்கு வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகத்தின் உரிமம் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். சுற்றுலா விசாவில் அனுப்புகிறேன் என்பவனுக்குப் பாஸ்போர்ட்டைக் கொடுக்காதீர்கள். ஒப்பந்தத்தின் ஒரு கொப்பி வீட்டில் இருக்கட்டும். அவள் அனுப்புகிற சம்பளம் விழுகிற கணக்கு அவள் பெயரில் இருக்க வேண்டும், கார்டும் அவள் கையில்தான் இருக்க வேண்டும்.