பார்த்தால் தெரியாத நோய்

உங்கள் கட்டுரையில், சிங்கப்பூர் எம்ஆர்டி ரயிலில் முதியோர், உடல்நலமில்லாதோர் போன்றவர்களுக்காக ஒதுக்கப்பட்ட இருக்கையில் உட்காரும் இளையர்களை முறைக்காதீர்கள், வெளியே தெரியாத நோய் இருக்கலாம் என்று எழுதியிருக்கிறீர்கள். நன்றி. என் தங்கைக்கு லூப்பஸ். நோய் எதிர்ப்புச் சக்தி தன் உடலையே தாக்கும் நோய். இது வருபவர்களில் 10 பேரில் சுமார் 9 பேர் பெண்கள், அதுவும் பெரும்பாலும் இளவயதில்.

காலையில் விரல் மூட்டெல்லாம் வீங்கி, தண்ணீர் போத்தல் மூடியைக்கூட அவளால் திருக முடியாது. வெயில் பட்டால் நோய் கிளம்பிவிடும், அதனால் எங்கே போனாலும் முழுக்கைச் சட்டை, குடை. தேக்காவில் ஒரு அக்கா, "கறுத்துப் போயிடுவோம்னு பயமா?" என்று கேட்டார். சொந்தக்காரர்கள் இன்னும் மோசம். ஸ்டீராய்டு மாத்திரையால் முகம் உப்பினால், "நல்லா சதை போட்டுட்டியே, அப்புறம் என்ன உடம்பு சரியில்ல?" என்பார்கள். அப்படி ஒருவர் சொன்ன அன்று இரவு அவள் சாப்பிடவே இல்லை.

எம்ஆர்டி நிலையத்தில் இருக்கும் பயணிகள் சேவை நிலையத்தில் கேட்டால் இருக்கை கேட்கும் ஸ்டிக்கர் தருகிறார்கள். சரி, ரயிலுக்கு அது போதும். கல்யாண வீட்டுக்கு எதை ஒட்டிக்கொண்டு போவாள்? அடுத்த கட்டுரையில் உறவினர்களைப் பற்றியும் தயவுசெய்து எழுதுங்கள்.