மீன் நம் திருஷ்டியை வாங்கிக்கொண்டு போகவில்லை

போன வாரம் பாகான் செராய் பாசார் மாலாமில், அதாவது இரவுச் சந்தையில், ஒரு குடும்பம் நான்கு தங்கமீன்களைப் பிளாஸ்டிக் பையில் வாங்கிக்கொண்டு போனதைப் பார்த்தேன். அம்மாவின் கையில் உருண்டையான கண்ணாடிக் கிண்ணம். பையன் பையை முகத்துக்கு நேரே பிடித்து மீனோடு பேசிக்கொண்டே நடந்தான். கூப்பிட்டுச் சொல்லியிருக்க வேண்டும். சொல்லாமல் வந்துவிட்டேன். அன்றிலிருந்து மனசு கேட்கவில்லை.

மூன்று வருடத்துக்கு முன் நானும் அதே மாதிரிக் கிண்ணம்தான் மகளுக்கு வாங்கிக் கொடுத்தேன். மூன்று லிட்டர் தண்ணீர், ஆறு மீன். எட்டாம் நாள் ஒன்றுகூட மிஞ்சவில்லை. கடைசி மீன் ஓர் இரவு முழுக்கத் தண்ணீரின் மேல்மட்டத்தில் வாயைத் திறந்து திறந்து மூடிக்கொண்டு கிடந்தது. செவுள் சிவந்திருந்தது. விடிந்தபோது சாய்ந்துவிட்டது.

அம்மா ஆறுதலுக்குச் சொன்னார். "விடுய்யா, வீட்டுக்கு வந்த திருஷ்டிய அது வாங்கிக்கிட்டுப் போயிருச்சு." மகள் அப்போது தமிழ்ப்பள்ளியில் மூன்றாம் ஆண்டு. "நம்ம திருஷ்டிக்கு மீனு எதுக்கு பாட்டி சாவணும்?" என்று கேட்டாள். அம்மாவிடம் பதில் இல்லை. என்னிடமும் இல்லை.

இன்று பதில் தெரியும். அந்த மீன்கள் தங்கள் கழிவிலேயே வெந்து செத்தன. மீன் சாப்பிட்டதில் வரும் அமோனியா பெரும்பாலும் செவுள் வழியாகவே வெளியேறுகிறது. ஆற்றில் தண்ணீர் அதை அடித்துக்கொண்டு போய்விடும். மூன்று லிட்டர் கிண்ணத்தில் அது எங்கே போகும்? அதே தண்ணீரைத்தான் மீன் திரும்பத் திரும்பச் செவுளுக்குள் இழுக்கிறது. போட்ட தீனியில் மிச்சமானதும் அடியில் அழுகி அதே அமோனியாவைத்தான் கூட்டுகிறது. கண்ணுக்கு மட்டும் தண்ணீர் பளிங்கு மாதிரி இருக்கும். "தண்ணி சுத்தமாத்தானே இருந்துச்சு" என்று சொல்பவர்கள் பொய் சொல்லவில்லை. அமோனியாவுக்கு நிறம் கிடையாது.

நான் செம்பனை மில்லில் கழிவுநீர்க் குளங்களைப் பார்த்துக்கொள்பவன். இது எனக்கு அன்றே தெரிந்திருக்க வேண்டும். மில்லிலிருந்து வரும் சுத்திகரிக்காத கழிவுநீரின் பி.ஓ.டி., அதாவது அதிலுள்ள அழுக்கைச் சிதைக்கக் கிருமிகளுக்குத் தேவைப்படும் ஆக்சிஜன் அளவு, லிட்டருக்கு 25,000 மில்லிகிராம் அளவில் இருக்கும். அதை 100க்குக் கீழே இறக்கினால்தான் ஆற்றில் விடலாம். அந்த வேலையைச் செய்வது மருந்து அல்ல, குளத்தில் வாழும் பாக்டீரியா. புதுக் குளம் திறந்தால் முதலில் ஓடிக்கொண்டிருக்கும் பழைய குளத்துச் சேற்றை அள்ளிவந்து போடுவோம். பிறகு கழிவைக் கொஞ்சம் கொஞ்சமாக விட்டுப் பழக்குவோம். அவசரப்பட்டு மொத்தமாகத் திறந்தால் குளம் செத்துவிடும். பதினொரு வருடமாக இதைச் செய்கிறவன், வீட்டில் புதுக் கிண்ணத்தில் பைப் தண்ணீரைப் பிடித்து அன்றைக்கே ஆறு மீனை விட்டேன்.

மீன் தொட்டியில் வேலை செய்யும் பாக்டீரியா வேறு வகை, ஒழுங்கு ஒன்றுதான். நைட்ரோசோமோனாஸ் போன்றவை அமோனியாவை நைட்ரைட் ஆக்கும். நைட்ரோஸ்பைரா அந்த நைட்ரைட்டை நைட்ரேட் ஆக்கும். நடுவில் வரும் நைட்ரைட்டும் விஷம். அது ரத்தத்தில் கலந்தால் ஆக்சிஜனைச் சுமக்க முடியாமல் ரத்தமே பழுப்பாகிவிடும். காற்று மோட்டார் குமிழி விட்டுக்கொண்டிருக்கும்போதே மீன் மூச்சுக்குத் தவிப்பதற்கு இது ஒரு காரணம். நைட்ரேட் அவ்வளவு கொடியதல்ல, தண்ணீர் மாற்றினால் குறையும். இந்த பாக்டீரியா மெதுவாகத்தான் பெருகும். ஒன்றுமில்லாத தொட்டியில் போதுமான அளவுக்கு வளர நான்கிலிருந்து ஆறு வாரம் ஆகும். புதுத் தொட்டி மீன்கள் முதல் மாதத்திலேயே சாவது கைராசியால் அல்ல, இதனால்தான்.

இரண்டாம் முறை இரண்டடி நீளம், ஓரடி அகலம், ஓரடி உயரத்தில் தொட்டி வாங்கினேன். ஐம்பது லிட்டருக்கு மேல் தண்ணீர் பிடிக்கும். தண்ணீர் கூடினால் விஷம் அந்த அளவுக்கு நீர்த்துப்போகும், அதனால் புதியவர்களுக்குச் சின்னத் தொட்டிதான் கஷ்டம். ஸ்பாஞ்ச் பில்டரை ஓடவிட்டு, மீனே இல்லாமல் தினம் ஒரு சிட்டிகை மீன் தீனியை மட்டும் போட்டு அழுகவிட்டேன். சொட்டு மருந்து விட்டு நிறம் பார்க்கும் டெஸ்ட் கிட் ஒன்று வாங்கி, மகளும் நானும் ராத்திரி சாப்பாட்டுக்குப் பிறகு சோதிப்போம். அமோனியா பச்சை காட்டியது. பிறகு அது மஞ்சளுக்கு இறங்க, நைட்ரைட் ஊதாவுக்கு ஏறியது. பக்கத்து வீட்டு அண்ணன் வந்து பார்த்துவிட்டு, "என்னப்பா, தண்ணியையா வளர்க்கிற?" என்று கேட்டார். ஆமாம் அண்ணே என்றேன். முப்பத்தெட்டாம் நாள் இரண்டும் பூஜ்யம். அப்புறம்தான் ஐந்து கப்பி மீன் விட்டேன். ஒரு மாதம் கழித்து இன்னும் மூன்று.

என் மாமா இதை ஒத்துக்கொள்ளவே மாட்டார். "தோட்டத்துல இருந்தப்ப வயல்ல சண்டைமீன் புடிச்சு ஹார்லிக்ஸ் போத்தல்ல வச்சோம். மாசக்கணக்கா இருந்துச்சு" என்பார். அவர் சொல்வதும் உண்மை. 1906இல் கட்டிய புக்கிட் மேரா ஏரியின் தண்ணீர் பாயும் கிரியான் வயல்களில் மாமா பிடித்த அந்த இக்கான் லாகாவுக்கு, அதாவது சண்டைமீனுக்கு, செவுளுக்கு மேலே லேபிரிந்த் என்று ஓர் உறுப்பு உண்டு. மேலே வந்து காற்றை விழுங்கி மூச்சு விடும். தங்கமீனுக்கு அது கிடையாது. நம் ஊர் வெயிலில் தொட்டித் தண்ணீர் 30 டிகிரிக்குப் போகும், சூடான தண்ணீரில் ஆக்சிஜனும் குறைவு. சண்டைமீன்கூட மூச்சைத்தான் மேலே வந்து பிடிக்கிறது, அமோனியா அதையும் சுடத்தான் செய்யும். போத்தலில் அது தாங்கிக்கொண்டிருந்தது மாமா, வாழவில்லை.

நம் வீடுகளில் மீனைக் கொல்லும் இன்னொன்று நம்முடைய சுத்தம். சொல்லத் தயக்கமாகத்தான் இருக்கிறது. சனிக்கிழமை காலையில் மொத்தத் தண்ணீரையும் ஊற்றிவிட்டு, கல்லைத் தேய்த்து, ஸ்பாஞ்சைப் பைப்படியில் பிழிந்து, புதுத் தண்ணீர் பிடித்து மீனை விடுகிறோம். பைப் தண்ணீரில் குளோரின் இருக்கிறது. கிருமியைக் கொல்லத்தான் அதைப் போடுகிறார்கள், அது நல்லது கெட்டது பார்க்காது. அந்த பாக்டீரியா குடியிருப்பதே ஸ்பாஞ்சிலும் கல்லிலும்தான். வாரா வாரம் அதை அழித்துவிட்டு மீன் ஏன் சாகிறது என்று கேட்கிறோம். வாரம் கால்வாசித் தண்ணீரை மட்டும் மாற்றுங்கள். எடுத்த அந்தப் பழைய தண்ணீரிலேயே ஸ்பாஞ்சை இரண்டு தடவை அமுக்கிப் பிழிந்தால் போதும். புதுத் தண்ணீருக்கு மீன் கடையில் விற்கும் ஆன்ட்டி குளோரின் போடுங்கள், விலை இரண்டு மூன்று வெள்ளிதான். தீனி இரண்டு நிமிடத்தில் தின்று முடிக்கிற அளவு. ரொட்டித் துண்டு, சோற்றுப் பருக்கை வேண்டாம். தாத்தா பாட்டிகளிடம் இதை அன்பாகச் சொல்லிவையுங்கள்.

தொட்டியைச் சுத்தம் செய்யும் என்று சொல்லி இக்கான் பண்டாராயா என்ற உறிஞ்சுவாய் மீனைத் தலையில் கட்டுவார்கள். வாங்காதீர்கள். விரல் நீளத்தில் வருவது ஓரடிக்கு மேல் வளரும், அதன் கழிவும் அதே தொட்டியில்தான் சேரும். வளர்ந்தபின் ஆற்றில் விட்டுவிடுகிறார்கள். சுங்கை கிள்ளானிலும் லங்காட்டிலும் இன்று அது பெருகிக் கிடப்பது இப்படித்தான்.

எனக்குப் பெரிய வருத்தம் விலையைப் பற்றியது. ஆயிரக்கணக்கில் கொடுத்துக் கெலிசா (அரோவானா) மீன் வாங்குகிறவர் தண்ணீரைச் சோதிக்காமல் மீனை விடுவதில்லை. மூன்று வெள்ளி மீனுக்கு அந்த மரியாதை கிடையாது, செத்தால் இன்னொன்று. இங்கிலாந்தில் 1956இல் ஒரு சந்தையில் விளையாட்டுப் பரிசாகக் கிடைத்த தங்கமீன் 1999 வரை, 43 வருடம் வாழ்ந்து கின்னஸில் இடம்பிடித்தது. பாசார் மாலாம் பையில் இருப்பதும் அதே சாதி மீன்தான். அதை ஒரு வாரப் பொருளாக ஆக்கியது நாம். விற்கிறவர்களைக் கேட்டுக்கொள்கிறேன், கிண்ணத்தையும் மீனையும் ஒரே நாளில் விற்காதீர்கள். ஒரு வார்த்தை சொல்லி அனுப்புங்கள். மீன் பிழைத்தால் அந்த வாடிக்கையாளர் தீனிக்கு உங்களிடமே திரும்பி வருவார்.

என் தொட்டியில் இப்போது மூன்றாம் தலைமுறைக் கப்பிகள் ஓடுகின்றன. பில்டருக்குப் பக்கத்தில் கூடுதலாக ஒரு ஸ்பாஞ்ச் ஊறிக்கொண்டிருக்கிறது. மில்லில் பழைய குளத்துச் சேற்றை அள்ளுவது மாதிரி, அதைப் புதுத் தொட்டியில் போட்டால் ஆறு வாரக் காத்திருப்பு நன்றாகக் குறையும். பாகான் செராய், செமாங்கோல் பக்கம் புதிதாகத் தொட்டி வைக்கிறவர்கள் இன்பாக்ஸில் சொல்லுங்கள், காசு வேண்டாம். தொட்டித் தண்ணீரோடு பையில் கட்டித் தருகிறேன். வழியில் காயவிடாமல் அன்றைக்கே போட்டுவிடுங்கள். அந்தப் பையனின் வீட்டார் யாராவது இதைப் பார்த்தால், மீன் இன்னும் உயிரோடு இருந்தால், இன்று ராத்திரியே கூப்பிடுங்கள்.