நண்டு, ஈ, வவ்வால், எலி, மனிதன்: எம்.கே. சந்திரசேகரன் விடாமல் கேட்ட ஒரு கேள்வி

கட்டுரைத் தலைப்புகளைப் பார்த்தே ஓர் ஆய்வாளரை எடைபோடும் பழக்கத்தை நம் கல்லூரிகளும் பல்கலைக்கழகங்களும் விட்டாக வேண்டும். ரொம்ப நாளாக மனசில் கிடக்கும் விஷயம். நீளமான பதிவுதான், விலங்கியல் படிக்கிற பிள்ளைகளாவது முழுசாகப் படிக்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

என்னிடம் எம்.எஸ்சி. படித்த ஒரு பெண், சமீபத்தில் ஒரு கல்லூரி நேர்காணலுக்குப் போயிருந்தாள். கையில் மீன் கூட்டங்களைப் பற்றி ஒரு கட்டுரை, எறும்புச் சாரைகளைப் பற்றி ஒன்று, அந்தத் தரவுகளை அலசும் கணக்கு முறை பற்றி ஒன்று. குழுவில் இருந்த பெரியவர் கோப்பைப் புரட்டிவிட்டு, "என்னம்மா, மீன்ங்கிறீங்க, எறும்புங்கிறீங்க, கணக்குங்கிறீங்க. உங்க ஏரியாதான் என்ன?" என்று கேட்டிருக்கிறார். "கூட்டமா வாழுற உயிர்கள் ஒன்னப் பாத்து ஒன்னு எப்படி நகருதுங்கிறதுதான் சார்" என்று அவள் தொடங்குவதற்குள் அடுத்த ஆளைக் கூப்பிட்டுவிட்டார்கள். போனில் சொல்லும்போது அவள் குரல் உடைந்துவிட்டது. எனக்கு வந்த கோபம் இன்னும் அடங்கவில்லை.

அந்தக் குழுவின் முன்னால் எம்.கே. சந்திரசேகரன் உட்கார்ந்திருந்தால் என்ன சொல்லியிருப்பார்கள்? மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தின் உயிரியல் புலத்தில், விலங்கு நடத்தை மற்றும் உடலியங்கியல் துறையை வழிநடத்தியவர் அவர். அறிவியலுக்கான பட்நாகர் விருது பெற்றவர். உயிர்க்கடிகாரம், அதாவது உடலுக்குள்ளேயே ஓடி நேரம் காட்டும் தாளம், அதைப் பற்றிப் பேசும் யாரும் அவரைத் தாண்டிப் போக முடியாது. 2009-ல் மறைந்தார். நம் ஊரிலேயே அவர் பெயர் தெரியாத முதுகலை மாணவர்கள் இருக்கிறார்கள் என்பது எனக்குப் பெரிய வருத்தம்.

அவருடைய கட்டுரைகளை வரிசையாக எடுத்துப் பாருங்கள். 1965-ல் வந்தது, கடற்கரை மணலில் அலை திரும்பும் இடத்தில் புதைந்து வாழும் எமெரிட்டா என்ற சின்ன நண்டைப் பற்றியது. ஓதமே (கடல்நீர் ஏறி இறங்குவதே) இல்லாத ஆய்வகத்துக்குக் கொண்டுவந்த பிறகும், அதன் அசைவும் அது எடுக்கும் ஆக்சிஜனும் கடலின் ஏற்றவற்றத்துக்கும் பகலிரவுக்கும் ஏற்ப ஏறி இறங்கின. அடுத்து ஜெர்மனிக்குப் போனார். அங்கே பழ ஈ கூட்டுப்புழுவை உடைத்துக்கொண்டு வெளியே வரும் நேரத்தைப் பற்றி எழுதினார். மதுரைக்கு வந்த பிறகு வவ்வால். அப்புறம் நம் வயல் சுண்டெலி. அப்புறம் மனிதர்கள். பின்னாளில் பெங்களூரு ஜவகர்லால் நேரு உயர் அறிவியல் ஆராய்ச்சி மையத்துக்குப் போய் மறுபடியும் ஈ. 600 தலைமுறைகளாக இரவே காட்டாமல் விடாத வெளிச்சத்தில் வளர்த்த ஈக்களிடமும் கூட்டை உடைத்து வெளிவரும் அந்தத் தாளம் அழியவில்லை என்று 1999-ல் அவரும் உடன் ஆய்வாளர்களும் எழுதினார்கள்.

மேலோட்டமாகப் பார்த்தால் கடல் உயிரியல், பூச்சியியல், பாலூட்டியியல், மனித உடலியல் என்று நாலு துறை. உள்ளே ஒரே கேள்விதான். வெளியிலிருந்து யாரும் நேரம் சொல்லாதபோது உயிர் எப்படி நேரம் அறிகிறது?

கேள்வி ஒன்றாக இருக்கும்போது உயிரை மாற்றுவது அலைபாய்வது ஆகாது. ஒவ்வொரு கேள்விக்கும் அதற்குத் தோதான உயிர் ஒன்று உண்டு. அதைக் கண்டுபிடிப்பதே பாதி ஆய்வு. மதுரைக்கு வந்த ஒருவர், சுற்றியிருக்கும் மலைக்குகைகளில் தொங்கும் வவ்வாலைத் தேர்ந்தெடுத்தார் என்றால் அது எவ்வளவு கூர்மையான கண் என்று யோசித்துப் பாருங்கள்.

கீழக்குயில்குடியில் தாமரைக் குளத்துப் பக்கம் நின்று, இருட்டும் நேரத்தில் சமணர் மலையைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். பூச்சி தின்னும் சின்ன வவ்வால்கள் எடுத்த எடுப்பில் வெளியே வந்துவிடாது. ஒன்று பாறை இடுக்கின் வாசல் வரை வரும், ஒரு வட்டம் அடிக்கும், உள்ளே திரும்பிவிடும். கொஞ்சம் பொறுத்து மறுபடி எட்டிப் பார்க்கும். வெளிச்சம் எவ்வளவு மிச்சமிருக்கிறது என்று அளந்துவிட்டுத்தான் கிளம்பும். கிளம்பிவிட்டால் அடுத்த சில நிமிடங்களில் தலைக்கு மேலே கூட்டமாகப் பறக்கும்.

சரி, வாசலுக்கு வருகிறது பார்க்கிறது. குகையின் அடியாழத்தில் எந்நேரமும் கும்மிருட்டு, வெப்பமும் ஈரமும் மாறாது. வாசலுக்கே வர முடியாத ஒரு வவ்வாலுக்கு அங்கே பொழுது சாய்ந்தது தெரியுமா? மாரிமுத்து, ராஜன், சந்திரசேகரன் மூவரும் 1981-ல் வெளியிட்ட கட்டுரை இதைத்தான் சோதித்தது. ஒற்றை வவ்வாலைக் கூண்டில் அடைத்து, அதன் கூட்டம் வாழும் குகைக்குள்ளேயே வைத்தார்கள். மற்றவை வழக்கம்போலச் சாயங்காலம் வெளியே போய்த் திரும்பின. கூண்டில் இருந்தது போக முடியாது, வெளிச்சத்தையும் பார்க்க முடியாது. ஆனாலும் கூட்டம் கிளம்பும் நேரத்தை ஒட்டியே அதுவும் கூண்டுக்குள் பறந்தது, தாளம் தப்பவில்லை. அதே இனத்து வவ்வாலை வேறு வவ்வால் இல்லாத குகையில் தனியாக வைத்தபோது, அதன் நேரம் நாளுக்கு நாள் வெளியுலக நேரத்திலிருந்து விலகிப் போனது. அதாவது அதற்குச் சூரியன் வேண்டியிருக்கவில்லை, சொந்தக்காரர்களின் போக்குவரத்தே போதுமானதாக இருந்தது.

இதோடு விடவில்லை. வேறோர் இனத்து வவ்வாலை இந்தக் கூட்டத்தின் நடுவே வைத்துப் பார்த்தார்கள். அதன் கடிகாரம் இந்தக் கூட்டத்துக்கு இசையவே இல்லை. எனக்கு இந்த இரண்டாவது முடிவு முதலாவதைவிடப் பிடிக்கும். சும்மா சத்தமும் சிறகடிப்பும் இருந்தால் போதாது, தன் இனத்தின் அசைவாக இருக்க வேண்டும் என்று அது காட்டியது.

இடையில் வந்தவற்றையும் சொல்லிவிடுகிறேன். விடாத வெளிச்சத்தில் வைத்த வவ்வாலுக்குக் கொஞ்ச நேரம் இருட்டைக் கொடுத்தாலே அதன் கடிகாரம் நகர்கிறது என்று 1978-ல் எழுதினார்கள். அரை மில்லி விநாடி மட்டுமே மின்னி மறையும் பளிச்சொளி, கடிகார முள்ளைத் திருகி வைப்பதுபோல வவ்வாலின் நேரத்தை மாற்றிவிடும் என்று 1984-ல் எழுதினார்கள். இவை வெளியானவை உலகம் படிக்கும் ஆய்விதழ்களில். வேலை நடந்தது நம் பல்கலை நகரில், தேனி ரோட்டில்.

மனிதர்களுக்காக வளாகத்துக்குள்ளேயே கடிகாரம் இல்லாத, பகலிரவு தெரியாத தனி அறை ஒன்றை அமைத்தார்கள். தன்னார்வலர்கள் உள்ளே போய், தூக்கம் வந்தால் தூங்கி, விழித்தால் எழுந்து வாழ்ந்தார்கள். அப்படித் தனித்திருந்த ஒரு பெண்ணின் மாதவிடாய்ச் சுழற்சி அவருடைய தூக்க விழிப்புத் தாளத்தோடு பிணைந்திருக்கவில்லை என்ற கட்டுரை 1991-ல் கரன்ட் சயின்ஸ் இதழில் வந்தது. நண்டில் தொடங்கிய ஆள் இங்கே வந்து சேர்ந்தது எப்படி என்று கேட்டால், அந்த ஒரு கேள்விதான் கூட்டிவந்தது.

இன்றைக்கு நிலைமை வேறு. 2010-ல் பல்கலைக்கழக மானியக் குழு ஆசிரியர்களுக்கு மதிப்பெண் முறையைக் கொண்டுவந்த பிறகு, கட்டுரை என்பது புள்ளிக் கணக்காகிவிட்டது. காசு வாங்கிக்கொண்டு எதையும் அச்சிடும் இதழ்கள் பெருகின. பி.எச்டி.க்குக் கட்டுரை கட்டாயம் என்ற விதியை 2022-ல் எடுத்தார்கள், ஏற்கத்தக்க இதழ்களின் பட்டியலை 2025-ல் கைவிட்டார்கள். விதிகள் மாறினாலும் தேர்வுக் குழுவில் உட்கார்ந்திருப்பவர்களின் கை இன்னும் எண்ணிக்கைப் பக்கமே போகிறது. எண்ணிக்கை வேண்டுமென்றால் பிள்ளைகள் என்ன செய்வார்கள்? ஒரே மீனை எடுத்து, இந்த வருஷம் ஒரு ரசாயனம், அடுத்த வருஷம் இன்னொரு ரசாயனம் என்று அதே கட்டுரையைப் பெயர் மாற்றி எழுதுவார்கள். அதற்கு "ஒரே துறையில் ஆழ்ந்த அனுபவம்" என்று நாம் சான்றிதழும் கொடுப்போம். அங்கே ஒரு கேள்வியும் இருக்காது.

துறை மாறுகிற எல்லாரும் சந்திரசேகரன் ஆகிவிட மாட்டார்கள், அதுவும் உண்மை. பணம் எங்கே வருகிறதோ அங்கே தாவுகிறவர்கள் இருக்கிறார்கள். யார் தாவுகிறார், யார் ஒரு கேள்வியைப் பின்தொடர்கிறார் என்று பிரித்துப் பார்க்க ஒரே வழி, கட்டுரையைப் படிப்பது. குழுவில் உட்காருகிற மூத்தவர்களிடம் நான் கேட்பது இவ்வளவுதான். ஆளுக்கு இரண்டு கட்டுரை, அவர்களே தேர்ந்தெடுத்துத் தரட்டும். நேர்காணலுக்கு முந்தின நாள் அதைப் படித்துவிட்டு வாருங்கள். "உங்க ஏரியா என்ன?" என்பதற்குப் பதிலாக "உங்க கேள்வி என்ன?" என்று கேளுங்கள், பதில் சொல்லி முடிக்கப் பத்து நிமிடம் கொடுங்கள்.

எம்.எஸ்சி. படிக்கும் பிள்ளைகளுக்கு: ஜர்னல் ஆஃப் பயோசயின்சஸ், கரன்ட் சயின்ஸ் இரண்டின் பழைய இதழ்களும் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. அவர் பெயரைப் போட்டுத் தேடுங்கள். 1981 குகைக் கட்டுரையை யாராவது சேர்ந்து படிக்க விரும்பினால் கீழே சொல்லுங்கள், ஒரு ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து வரிவரியாகப் படிக்கலாம். நேர்காணலுக்குப் போன அந்தப் பெண்ணும் வருகிறேன் என்று சொல்லியிருக்கிறாள்.